மிடியில் எழுதிய கிற்றார் கிற்றாராகக் கேட்காதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கல்

கொக்குவிலில் என் வீட்டின் பின்னறையில் இருந்து பாடல்களுக்கு இசை கோத்துக் கொடுத்து வருகிறேன். கோயில் பக்திப் பாடல், கல்யாண வீட்டுக் காணொளிக்கான பாட்டு, குறும்படத்தின் பின்னணி இசை என்று வருகின்றவற்றில் பெரும்பாலானவை கிற்றாரைக் கேட்கின்றன. யாழ்ப்பாணத்தில் நல்ல கிற்றார் வாசிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரவு பத்து மணிக்கு மெட்டை மாற்றி அனுப்பிவிட்டு விடிவதற்குள் பாட்டைக் கேட்கும் ஒருவருக்காக அவர்களை எழுப்ப இயலாது. ஓட்டுக்கூரை வீட்டில், ஒழுங்கையில் போகும் மோட்டார் சைக்கிளின் சத்தமும் பக்கத்துக் கோயிலின் ஒலிபெருக்கியும் புகாமல் மைக் வைத்துக் கிற்றாரைப் பதிவு செய்வதும் எளிதன்று. ஆகவே மிடியில், அதாவது எந்தச் சுரம் எப்போது எவ்வளவு அழுத்தத்தோடு ஒலிக்க வேண்டும் என்று கணினிக்கு எண்களால் சொல்லும் முறையில், எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடலை முடித்துக் கொடுத்தபோது, அதைப் பாடிய தம்பி கேட்டுவிட்டு, "அண்ணை, எல்லாம் நல்லாயிருக்கு, அந்தக் கீபோட்டை மட்டும் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ" என்றார். அந்தப் பாட்டில் கீபோட்டே இல்லை. அவர் குறைக்கச் சொன்னது நான் இரண்டு நாள் இருந்து எழுதிய கிற்றாரை. அதன் பிறகு ஒவ்வொரு பிழையாகத் தேடித் திருத்தி வந்ததில் எனக்கு ஒன்று உறுதியானது: விலை கூடிய சாம்பிள் தொகுதி (உண்மையான கருவியின் பதிவுகளைச் சுரம் சுரமாகச் சேர்த்த ஒலித் தொகுதி) இல்லாததால் வரும் பிழை குறைவு, கீபோட் வாசிப்பவரின் கையால் கிற்றாரை எழுதுவதால் வரும் பிழையே அதிகம். எழுதுகின்ற ஒவ்வொரு சுரத்துக்கும் இது எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட், வலக்கை எந்தப் பக்கமாகப் போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை இருக்குமானால், கீழே வரும் அறிகுறிகளில் பாதி எழவே மாட்டா. ஃப்ரெட் என்பது வீணையில் மெட்டு என்று சொல்வதுதான்.

பிழை எழுத்திலா, கருவியிலா என்று முதலில் பிரித்தல்

எதையும் திருத்துவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். எழுதிய மிடியை அப்படியே வேறொரு எளிய கிற்றார் ஒலிக்கு மாற்றிக் கேளுங்கள்; அங்கும் அதே குறை தெரிந்தால் பிழை உங்கள் எழுத்தில் இருக்கிறது. அடுத்து, சாம்பிள் தொகுதியோடு வந்த ஆயத்த மீட்டல் ஒன்றை ஒலிக்க விடுங்கள். அது இயல்பாகக் கேட்டால் தொகுதி நன்றாகத்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் செய்யாமல் ஈக்குவலைசரைத் திருகத் தொடங்கினால் ஒரு முழு மாலைப்பொழுது வீணாகும்.

இணையத்தில் எடுத்த மிடிக் கோப்பில் எதிர்பார்த்த கிற்றாருக்குப் பதில் வேறு கிற்றார் ஒலித்தால் காரணம் இன்னும் எளிது. 1991இல் வந்த ஜெனரல் மிடி ஒழுங்கில் 25ஆம் இலக்கம் நைலோன் கம்பி, 26 உருக்குக் கம்பி, 27 ஜாஸ் என்று தொடங்கி 32 வரை கிற்றார்களே இருக்கின்றன. சில மென்பொருள்கள் இதை 1இலிருந்தும் சில 0இலிருந்தும் எண்ணுவதால், 26ஐத் தேர்ந்தால் ஜாஸ் கிற்றார் வந்து நிற்கும். ஓர் இலக்கம் குறைத்துப் பாருங்கள்.

கோர்ட் எல்லாம் ஆர்மோனியம் போலக் கேட்கிறது

தம்பி கீபோட் என்று சொன்னது இந்தப் பிழையைத்தான். கோர்ட் என்பது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம். கீபோட்டில் சி மேஜர் கோர்ட்டை வலக்கையால் பிடித்தால் மிடி இலக்கத்தில் (அரைச்சுரத்துக்கு ஓர் எண், நடு சி 60) 60, 64, 67 என்று மூன்று சுரங்கள் நெருங்கி நிற்கும். கிற்றாரில் அதே கோர்ட்டைத் திறந்த கம்பிகளோடு பிடிக்கும்போது 48, 52, 55, 60, 64 என்று ஐந்து சுரங்கள் விரிந்து நிற்கும். ஜி மேஜர் 43, 47, 50, 55, 59, 67 என்று ஆறு கம்பிகளிலும் பரவும். முதலாவதை எந்த விலையுயர்ந்த சாம்பிளில் ஒலிக்க விட்டாலும் காது அதைக் கிற்றாராக ஏற்காது, ஏனெனில் கையின் அமைப்பு அதில் இல்லை.

ஆறு திறந்த கம்பிகளின் இலக்கங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தடித்த ஆறாவது கம்பியிலிருந்து மெல்லிய முதலாவது வரை 40, 45, 50, 55, 59, 64. இவற்றை ஒரு காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த ஆறு எண்களை வைத்தே பெரும்பாலான பிழைகளைக் கண்டுவிடலாம். 40க்குக் கீழ் சுரம் எழுதியிருந்தால், சாதாரண சுருதியில் கட்டிய கிற்றாரில் அது இல்லை. கீபோட்டில் இடக்கையால் பேஸ் பிடித்த பழக்கத்தில் அது வந்திருக்கும். 45க்குக் கீழ்ப்பட்ட சுரங்கள் ஆறாவது கம்பியில் மட்டுமே கிடைப்பதால், 41உம் 43உம் ஒரே நேரத்தில் ஒலிக்க வழியே இல்லை. அடுத்து, திறந்த கம்பிகளை விட்டுவிட்டு, அழுத்திய சுரங்கள் எல்லாம் நான்கு ஃப்ரெட்டுக்குள் அடங்குகின்றனவா என்று பாருங்கள். அடங்காவிட்டால் ஒரு மனிதக் கை அதை எளிதில் பிடிக்காது.

நம்முடைய பாடல்களில் இந்தப் பிழை இன்னொரு வாசலாலும் நுழைகிறது. பாடகி இரண்டரைக் கட்டையில் பாடுவதாகச் சொன்னால் நாம் உடனே டி ஷார்ப் கோர்ட்டுகளைக் கீபோட்டில் தேடிப் பிடித்து எழுதிவிடுகிறோம். கிற்றார் வாசிப்பவர் அப்படிச் செய்யமாட்டார். மூன்றாவது ஃப்ரெட்டில் கேபோவை (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வியை) மாட்டிவிட்டு, சி மேஜரின் கைவடிவத்தையே பிடிப்பார், அல்லது முதலாவது ஃப்ரெட்டில் மாட்டி டி வடிவத்தைப் பிடிப்பார். ஆகவே பாடலை முதலில் சி சுருதியில் கிற்றாரின் கைவடிவங்களோடு எழுதிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் மூன்று அரைச்சுரம் உயர்த்துங்கள். சி வடிவம் 51, 55, 58, 63, 67 ஆகும். திறந்த கம்பிகள் 43, 48, 53, 58, 62, 67 ஆகும். சாம்பிள் தொகுதியில் கேபோ வசதி இருந்தால் அதையே பயன்படுத்துவது இன்னும் நல்லது. ஐந்தரைக் கட்டைப் பாட்டென்றால் முதலாவது ஃப்ரெட்டில் கேபோ, ஜி வடிவம்.

ஆறு கம்பிகளும் ஒரே நொடியில் விழுகின்றன, அல்லது மீட்டல் உருண்டு ஓடுகிறது

பிக் (மீட்டும் தகடு) ஆறு கம்பிகளையும் ஒன்றன் பின் ஒன்றாகவே தொடும். எல்லாச் சுரங்களையும் ஒரே கோட்டில் எழுதினால் அது தட்டிய சத்தமாகும். சம இடைவெளி விட்டு அளவுக்கு மீறிப் பரப்பினால் அது ஹார்ப் ஆகும். வேகமான மீட்டலில் முதல் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் இடையே 20 முதல் 30 மில்லிசெக்கனும், மெதுவான பாட்டின் ஆரம்பக் கோர்ட்டுக்கு 60 முதல் 100 மில்லிசெக்கனும் விடுவது என் வழக்கம். இடைவெளிகள் சமமாக இருக்கக்கூடாது. கை கீழே வர வர வேகம் எடுப்பதால் இடைவெளி சுருங்க வேண்டும்.

நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில், கால் சுரத்துக்கு 480 டிக் வைத்திருக்கும் மென்பொருளில் ஒரு டிக் ஏறத்தாழ 1.4 மில்லிசெக்கன். அங்கே ஜி மேஜரின் கீழ்நோக்கிய மீட்டலை நான் எழுதுவது இவ்வாறு: 43 தாள அடிக்கு 12 டிக் முன்னே, 47 ஆறு டிக் முன்னே, 50 ஒரு டிக் முன்னே, 55 மூன்று டிக் பின்னே, 59 ஆறு டிக் பின்னே, 67 ஒன்பது டிக் பின்னே. மொத்தம் 21 டிக், அதாவது 29 மில்லிசெக்கன் அளவு. வெலோசிற்றி (அழுத்தத்தின் அளவு, 127 வரை) முறையே 92, 88, 84, 86, 80, 78. தாள அடி மீட்டலின் நடுவில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆறாவது கம்பியைச் சரியாக அடியின் மேல் வைத்தால் மற்றக் கம்பிகள் எல்லாம் பின்னால் வந்து, பாட்டு முழுவதும் கிற்றார் பின்தங்குவது போலத் தோன்றும். பலர் இதைத் தாமதம் என்று நினைத்து முழு ட்ராக்கையும் இழுத்து நகர்த்துகிறார்கள்.

மேல்நோக்கிய மீட்டல் வேறு வகை. அது முதலாவது கம்பியில் தொடங்கும், மூன்று அல்லது நான்கு கம்பிகளோடு நின்றுவிடும், ஓசையும் மெலிந்திருக்கும்: 67, 59, 55 என்ற வரிசையில் 74, 66, 55 என்ற வெலோசிற்றி போதும். மேலும் கீழும் ஒரே ஆறு சுரங்களை ஒரே வரிசையில் நகல் எடுத்து ஒட்டியிருந்தால், இரண்டாவது வரியிலேயே காது சலித்துவிடும்.

இந்த இடத்தில் பைலா (இலங்கையின் ஆட்டப் பாட்டு வகை) என்பதன் தாளத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். ஆறு-எட்டுத் தாளத்தில் ஒரு பாட்டுக்கு மீட்டல் எழுதியபோது, 1ஆவது, 4ஆவது எட்டன்களில் (அரைக்கால் சுரங்களில்) அழுத்தம் விழுவதால் இரண்டிலும் ஆறு கம்பிகளையும் சேர்த்துக் கீழ்நோக்கிய மீட்டலை வைத்தேன். அணிநடைப் பாண்டு போல வந்தது. குருநகரில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் ஒருவரிடம் போய், அதே வேகத்தில் வாசிக்கச் சொல்லி, அவருடைய வலது மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கை நிற்கவே இல்லை. ஊஞ்சல் போல 1, 3, 5இல் கீழேயும் 2, 4, 6இல் மேலேயும் போய்க்கொண்டிருந்தது. அதனால் நான்காவது எட்டன் மேல்நோக்கிய மீட்டலில், மெல்லிய கம்பிகளில் விழுந்தது. முதல் அழுத்தம் தடித்தும் இரண்டாவது அழுத்தம் பளிச்சென்றும் வந்ததில்தான் அந்த ஆட்டம் இருந்தது. சில இடங்களில் அவர் கம்பியைத் தொடாமலே கையை ஓட்டினார். சில இடங்களில் இடக்கை விரல்களைத் தளர்த்திச் "சக்" என்ற அடைத்த ஓசையை எழுப்பினார். மீட்டலை எழுதும்போது கையின் ஓட்டம் முழுவதையும் முதலில் எழுதிவிட்டு, வேண்டாத வீச்சுகளை அழிக்கின்ற முறைக்கு அன்றே மாறினேன். வேண்டிய அடிகளை மட்டும் நட்டு வைத்தால் மேல், கீழ் திசைகள் குழம்பிவிடும்.

ஒரே சுரம் திரும்ப வரும்போது தையல் இயந்திரம் போலக் கேட்கிறது

பிழை பெரும்பாலும் மூன்றில் ஒன்று. சுரங்களைச் சுட்டியால் வரைந்ததால் எல்லா வெலோசிற்றியும் ஒரே எண்ணாக இருக்கலாம். கீபோட்டின் தொடு உணர்வு மிகக் கூர்மையாக வைக்கப்பட்டு, மெதுவாக அழுத்தினாலும் 127ஐ எட்டலாம். அல்லது அந்தத் தொகுதியில் ஒரு சுரத்துக்கு ஒரேயொரு பதிவு மட்டும் இருக்கலாம். நல்ல தொகுதிகள் அதே சுரத்தின் பல பதிவுகளை மாறி மாறி ஒலிக்க விடுகின்றன, அதையே ரவுண்ட் ராபின் என்கிறார்கள்.

முதல் இரண்டுக்கும் மருந்து வெலோசிற்றிதான். ஆனால் மென்பொருளின் தற்செயல் மாற்றப் பொத்தானை முதலில் அழுத்த வேண்டாம். தற்செயலாகக் கலைத்த வெலோசிற்றி, கையின் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதையும் கலைத்துவிடும். தாளத்தின் அழுத்தங்களை நீங்களே வைத்து, கீழ்நோக்கிய பிக்கையும் மேல்நோக்கிய பிக்கையும் மாற்றி மாற்றி எழுதிய பிறகு, கடைசியில் மூன்று நான்கு எண் அளவுக்கு மட்டும் கலைத்தால் போதும்.

மூன்றாவதற்கு ஒரு வழி உண்டு. அதே ஒலியை இரண்டாவது ட்ராக்கில் ஏற்றி, ஓர் அரைச்சுரம் மேலே எழுதி, பிட்ச் பென்டால் (சுருதியை வளைக்கும் மிடிக் கட்டளையால்) ஓர் அரைச்சுரம் கீழே இறக்குங்கள். பென்ட் எல்லை இரண்டு அரைச்சுரம் என்றால் நடுப்புள்ளி 8192இலிருந்து 4096க்கு இறக்க வேண்டும். ஒரே சுரம் இப்போது பக்கத்துச் சுரத்தின் பதிவிலிருந்து வருவதால் சாயல் மாறும். முதல் ட்ராக்கையும் இதையும் மாறி மாறி ஒலிக்க விடலாம். கம்பியைத் தேர்ந்தெடுக்க இடம் கொடுக்கும் தொகுதியானால் இதுவும் தேவையில்லை. 64ஆம் சுரம் முதலாவது கம்பியில் திறந்தும், இரண்டாவதில் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாவதில் 9ஆம் ஃப்ரெட்டிலும், நான்காவதில் 14ஆம் ஃப்ரெட்டிலும் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் நிறம் வேறு.

கோர்ட் மாறும் இடத்தில் ஓசைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கலங்குகின்றன

பியானோப் பழக்கத்தில் சஸ்டெயின் பெடலை மிதித்துப் பதிவு செய்தவர்கள் முதலில் கன்ட்ரோலர் 64 (அந்தப் பெடலின் மிடி இலக்கம், 64ஆம் சுரம் அல்ல) எங்கே 127இல் நின்றுவிட்டது என்று தேடுங்கள். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அதை 0 ஆக எழுதி வைப்பது நல்லது. அதன் பிறகும் கலங்கினால், ஒரே கம்பியில் இரண்டு சுரங்கள் ஒன்றாக ஒலிக்கின்றன என்று பொருள். கம்பிக்கு ஒரு மிடி சனலாக (தனி வழியாக) ஆறு சனல்களில் எழுதினால் இதை உடனே கண்டுபிடிக்கலாம். ஒரு சனலில் இரண்டு சுரங்கள் மேற்படும் இடம் கண்ணுக்கே தெரியும், அங்கே முன்னதை வெட்டிவிடலாம்.

மறுபுறம், எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வெட்டினாலும் பிழைதான். கோர்ட் மாற்ற இடக்கை எழும்போது அழுத்திய கம்பிகள் அடங்கும். திறந்த கம்பிகள் அடங்கா. ஏ மைனரிலிருந்து ஜி மேஜருக்குப் போகும்போது, அழுத்திய சுரங்களை 40, 50 மில்லிசெக்கன் முன்னரே நிறுத்தி, திறந்த முதலாவது கம்பியின் 64ஐ மட்டும் அடுத்த மீட்டல் வரை விட்டுப் பாருங்கள். வேகமான பாட்டில் கோர்ட் மாறுவதற்கு முந்திய கடைசி மேல்நோக்கிய மீட்டலை வெறும் திறந்த கம்பிகளில் எழுதலாம். கை அப்போது காற்றில் இருக்கிறது. தாளில் பார்த்தால் அது கோர்ட்டுக்குப் பொருந்தாத சுரமாகத் தெரியும். பயப்படாமல் எழுதுங்கள்.

கீஸ்விட்ச் வேலை செய்யவில்லை

வாசிக்கும் முறையை மாற்றும் கீழ்ச் சுரங்களை வழிகாட்டி நூல் சொன்ன இடத்தில் வைத்தும் ஒன்றும் நடக்காவிட்டால், ஓர் எண்மம் (ஒரு ஸ்தாயி) மேலே அல்லது கீழே முயலுங்கள். நடு சி ஆன 60ஐச் சில நிறுவனங்கள் சி3 என்றும் சில சி4 என்றும் அழைக்கின்றன. முதல் சுரம் மட்டும் பழைய முறையில் ஒலித்தால், குவான்டைஸ் செய்ததில் (சுரங்களைத் தாளக் கோட்டுக்கு இழுத்துச் சரிசெய்ததில்) கீஸ்விட்ச் சுரத்தோடு ஒரே கோட்டில் வந்து நின்றிருக்கும். அதைச் சற்று முன்னே நகர்த்துங்கள். பாட்டின் நடுவிலிருந்து ஒலிக்க விடும்போது மட்டும் தவறினால், அந்தப் பகுதியின் தொடக்கத்தில் கீஸ்விட்சை இன்னொரு முறை எழுதுங்கள். இரண்டரைக் கட்டையை மூன்றாக்கச் சொல்லிப் பாடகி கேட்டு முழுப் பகுதியையும் ஓர் அரைச்சுரம் உயர்த்திய பிறகு எல்லாம் அடைத்த ஓசையாக மாறியிருந்தால், கீஸ்விட்சுகளும் சேர்ந்து உயர்ந்துவிட்டன. அவற்றை எப்போதும் தனி ட்ராக்கில் வைத்திருங்கள்.

பென்ட் தவறான சுரத்துக்குப் போகிறது, கமகம் கிற்றாரில் ஒட்டவில்லை

நம்முடைய மெட்டுகளுக்கு இதுவே உயிரான இடம். ஆகவே அவசரப்படாமல் பாருங்கள்.

பிட்ச் பென்ட் 0 முதல் 16383 வரை ஓடும், 8192 நடுநிலை. அந்த எண் எத்தனை அரைச்சுரம் என்பதைக் கருவியின் பென்ட் எல்லைதான் தீர்மானிக்கிறது. பொதுவாக அது இரண்டு அரைச்சுரம். அங்கே ஓர் அரைச்சுரம் மேலே போக 12288 வேண்டும். அதே எண்ணைப் பன்னிரண்டு அரைச்சுர எல்லை வைத்த கருவிக்கு அனுப்பினால் ஆறு அரைச்சுரம் தாவும். சட்ஜமத்திலிருந்து சுத்த ரிஷபத்துக்குப் போக வேண்டியது பிரதி மத்திமத்தில் போய் நிற்கும். பென்ட் தவறாகக் கேட்டால் வரைந்த வளைவைத் தொடாமல், மென்பொருளிலும் கருவியிலும் எல்லை ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு சுரத்தை வளைத்தபோது கூட ஒலிக்கும் மற்றச் சுரங்களும் வளைந்தால், எல்லாம் ஒரே சனலில் இருக்கின்றன. பென்ட் சனல் முழுவதுக்கும் பொதுவானது. வளைக்கும் கம்பியைத் தனிச் சனலில் பிரித்துவிட வேண்டும்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் கிற்றாராகக் கேட்காவிட்டால் திசையைப் பாருங்கள். வீணை வாசிப்பவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்: மெட்டின் மேல் கம்பியை இழுத்தால் சுருதி உயர மட்டுமே செய்யும். கிற்றாரும் அப்படித்தான். மேலிருந்து கீழே இறங்க வேண்டுமானால் முதலில் இழுத்து வைத்துக்கொண்டு மீட்டிப் பிறகு தளர்த்த வேண்டும். ஆகவே கம்பித கமகத்தை எழுதும்போது, அந்தச் சுரத்தை நடுவில் வைத்து இருபுறமும் ஆட்டக்கூடாது. கீழ்ச் சுரத்தில் சுர இலக்கத்தை வைத்து, பென்டை நடுநிலையிலிருந்து மேலே ஏற்றி, மீண்டும் நடுநிலைக்கு இறக்கும் அலைகளாக வரையுங்கள். தோடியின் சாதாரண காந்தாரத்தை இப்படி ரிஷபத்தின் பக்கமிருந்து ஏற்றி இறக்கி எழுதிப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். அலைகளின் உயரமும் அகலமும் ஒன்றுபோல இருக்கக்கூடாது. முதல் அலை சற்று நின்று எழட்டும், கடைசி அலை முழுதாக இறங்காமல் அடுத்த சுரத்துக்குள் போகட்டும். நான் வாயால் பாடிப் பதிவு செய்து, அந்த அலைவடிவத்தை மேல் ட்ராக்கில் வைத்துக்கொண்டே கீழே பென்டை வரைகிறேன். நேரம் எடுக்கும். ஆயினும் இதற்கு ஈடான குறுக்குவழி எதையும் நான் காணவில்லை.

மின்கிற்றாரின் நீண்ட சுரத்தில் வரும் விப்ராட்டோவுக்கும் இதே விதி. மொடுலேஷன் வீலை உயர்த்தினால் பல கருவிகளில் சுருதி இருபுறமும் சமமாக ஆடும், அது வயலின் அல்லது சின்தசைசர் ஆகிவிடும். இரண்டு அரைச்சுர எல்லையில் 8192க்கும் 9216க்கும் இடையே ஆட்டினால் 25 சென்ட் (அரைச்சுரத்தின் கால் பங்கு) உயரம் கிடைக்கும். செக்கனுக்கு ஐந்து ஆட்டம் அளவில், சுரம் தொடங்கிச் சற்றுப் பொறுத்து ஆரம்பியுங்கள். நைலோன் கம்பியில் விரலை நீளவாக்கில் அசைப்பவர்களுக்கு மட்டும் சுருதி மெல்ல இருபுறமும் போகும்.

சுரம் முடிந்து அடங்கும் தருணத்தில் ஓசை திடீரென்று சரிந்தால், பென்டை நடுநிலைக்குத் திருப்பியது சீக்கிரமாகிவிட்டது. வால் ஓசை முற்றாக அடங்கிய பிறகு, அடுத்த சுரத்துக்கு மயிரிழை முன்னே திருப்புங்கள்.

டிஸ்டோர்ஷன் போட்டதும் கொசு இரைவது போல இரைகிறது

கிற்றார் பெருக்கியின் 12 அங்குல ஸ்பீக்கர் 5000 ஹேர்ட்ஸுக்கு மேல் ஓசையைச் செங்குத்தாக இறக்கிவிடும். அந்த ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கபினெட் பகுதி இல்லாமல் டிஸ்டோர்ஷனை (ஓசையைக் கரகரப்பாக்குவதை) மட்டும் போட்டால் மேலே உள்ள இரைச்சல் அப்படியே வெளியே வரும். கபினெட் பகுதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு எதிரான பிழை, ஏற்கெனவே டிஸ்டோர்ஷனோடு பதிவான சாம்பிளை பெருக்கியைப் போலச் செய்யும் மென்பொருளுக்குள் மீண்டும் அனுப்புவது. அங்கே நேரடியாகப் பதிவு செய்த தூய சாம்பிள்தான் தேவை.

இரைச்சல் இல்லாமல் கோர்ட் மட்டும் சேறாகக் கலங்கினால், கோர்ட்டின் மூன்றாம் சுரத்தை (சி மேஜரில் 52, 64) நீக்குங்கள். டிஸ்டோர்ஷன் சுரங்களைத் தமக்குள் பெருக்கிப் புதுச் சுரங்களைப் பிறப்பிக்கிறது. 40, 47, 52 என்ற அடிப்படையும் ஐந்தாமும் எண்மமும் மட்டும் அங்கே தெளிவாக நிற்கும். ஆறு சனல்களில் எழுதியிருப்பவர்கள் ஆறையும் ஒரே பெருக்கிக்குள் சேர்த்து அனுப்ப வேண்டும். கம்பிக்கு ஒரு பெருக்கி வைத்தால் கம்பிகள் ஒன்றோடொன்று உரசும் அந்தச் சத்தம் வராது.

இடமும் வலமும் வைத்தும் அகலம் இல்லை

ஒரே மிடியை நகல் எடுத்து இரு பக்கமும் வைத்தால் இரண்டும் ஒரே சாம்பிளை ஒரே நேரத்தில் ஒலித்து நடுவில் வந்து ஒன்றாகிவிடும். ஒரு பக்கத்தை 15 மில்லிசெக்கன் தள்ளினால் ஹெட்போனில் அகலமாகத் தோன்றும். ஆனால் நம்முடைய பாட்டுகளைப் பெரும்பாலானோர் கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் கேட்கிறார்கள், அங்கே இரு பக்கமும் ஒன்றாகச் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக் கிற்றார் குழாய்க்குள் போனது போலாகும். இரண்டாவது பக்கத்தை வேறாக எழுதுவதே தீர்வு. ஒரு பக்கம் கேபோ இல்லாத ஜி வடிவம் என்றால் மறுபக்கம் 5ஆம் ஃப்ரெட்டில் கேபோ மாட்டிய டி வடிவம், வேறு கிற்றார் ஒலி, வேறு மீட்டல் நேரங்கள். பிறகு மாஸ்டரை மோனோவில் (இரு பக்கமும் ஒன்றாகச் சேர) வைத்து ஒரு தரம் கேட்டுவிடுங்கள்.

கீபோட்டை அழுத்தியதும் ஒலி தாமதிக்கிறது

ஓடியோ பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடைச்சேமிப்பு) அளவைப் பாருங்கள். 44.1 கிலோஹேர்ட்ஸில் 512 சாம்பிள் என்றால் அது மட்டும் 11.6 மில்லிசெக்கன்; 128 என்றால் 2.9. வாசித்துப் பதியும்போது 128, கலவை செய்யும்போது 512. குறைத்த பின்னும் தாமதம் இருந்தால் மாஸ்டரில் உள்ள லிமிட்டர் போன்ற பிளக்இன்களை அணைத்துவிட்டு வாசியுங்கள்.

எல்லாம் சரி, இன்னும் கிற்றாரில் கை படவில்லை

இந்தக் கட்டத்தில் சாம்பிள் தொகுதியில் தனியாகக் கிடைக்கும் விரல் உரசும் ஓசைகளைச் சேர்க்கலாம். அவற்றை நான்கு தாள வட்டத்துக்கு ஒன்று என்று தூவினால் பிழையாகிவிடும். உரசல் சுற்றுக் கம்பிகளில், அதாவது தடித்த கம்பிகளில்தான் எழும். அதுவும் விரல் கம்பியை முற்றாக விடாமல் வழுக்கிப் போகும்போது மட்டும். முதலாவது ஃப்ரெட்டில் பிடித்த எஃப் பாரே (ஒரு விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும்) கோர்ட்டிலிருந்து மூன்றாவது ஃப்ரெட்டின் ஜி பாரேக்குப் போகும்போது, முன்னைய சுரங்கள் நின்ற அந்த 40, 50 மில்லிசெக்கன் இடைவெளியில், இரண்டு ஃப்ரெட் தூரத்துக்கான ஒரு குறுகிய உரசலை மெல்லிய வெலோசிற்றியில் வையுங்கள். திறந்த சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது வைக்க வேண்டாம். அங்கே மூன்றாவது விரல் மட்டுமே எழுந்து இடம் மாறுகிறது, கை எங்கும் வழுக்கவில்லை.